கல்லா, இரும்பா?

எங்கள் வீட்டில் அப்பாவிடம் பேச வேண்டுமென்றால் வலப்பக்கம் போய் நிற்க வேண்டும். இடது காது அவருக்குக் கேட்காது. பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டில் கையெழுத்து வாங்குகிற நாளில் மட்டும் நானும் தம்பியும் இடப்பக்கமாகப் போய் கணக்கு மார்க்கை மெல்லச் சொல்லிவிட்டு, அப்புறம் "சொன்னேனே, நீங்கதான் கவனிக்கல" என்று சாதிப்போம். அவருக்கும் அது தெரியும். கண்டுகொள்ள மாட்டார்.

காது போனது 1971 டிசம்பரில், பாகிஸ்தான் போரில், எல்லைக்கு அப்பால் ஷக்கர்கர் பக்கம். அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது ராணுவத்தின் எஞ்சினியர் படை. பெங்களூர் சென்டரில் பயிற்சி எடுத்தவர். ராணுவத்தில் மற்றவர்கள் அந்தப் படைக்காரர்களைக் கூப்பிடுகிற பெயர் 'தம்பி'. பேரன் எடுத்தாலும் தம்பிதான். பதினைந்து வருஷ சர்வீஸ் முடித்து வெளியே வந்தவருக்கு இங்கே நீலகிரி வெலிங்டனில் எம்.இ.எஸ்.ஸில் (ராணுவத்தின் கட்டடம், தண்ணீர், கரண்ட் வேலைகளைப் பார்க்கிற துறை) பம்ப் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. வேலூர் வெயிலில் வளர்ந்த மனுஷன். மலை ஏறிய நாளிலிருந்து சாகும்வரை ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும்தான். பழைய வேலைக்கும் புது வேலைக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டால், "பைப்புக்குள்ள மருந்து அடைச்சா பெங்களூர் டார்பிடோ, தண்ணி வுட்டா எம்.இ.எஸ்." என்பார். கம்பி வேலியைத் தகர்க்கிற அந்த நீளக் குழாய் வெடியை 1912-இல் பெங்களூரில் உருவாக்கியவர் மெட்ராஸ் சாப்பர்ஸின் கேப்டன் மெக்ளின்டாக். அந்தப் பெருமை அப்பாவுக்கு ஏதோ சொந்தச் சித்தப்பா செய்ததுபோல.

தன்னைப் பற்றி அவர் சொன்னதே இல்லை. மழைநாளில் கரண்ட் போய்விட்டால், கரி அடுப்பைச் சுற்றி உட்கார வைத்து வேறு ஒருத்தர் கதையைத்தான் சொல்வார். பகத் சாப் கதை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சாப்பர்களில் மூன்று குரூப்: பெங்களூரில் மெட்ராஸ், ரூர்க்கியில் பெங்கால், புனே கிர்க்கியில் பாம்பே. மூன்றுக்கும் நடுவில் மாமன் மச்சான் முறை கேலியும் போட்டியும் ஓயாது. பகத் பாம்பே குரூப். அதனால் ஒவ்வொரு தடவையும் கதை, "பாம்பே குரூப் ஆளுதான், இருந்தாலும்…" என்றுதான் ஆரம்பிக்கும். அந்த "இருந்தாலும்"-இல் எவ்வளவு மரியாதை இருந்தது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

அப்பாவின் கதைப்படி பகத் சாப் ஏழு நாள் தூங்காமல் நூறு மைல் தூரத்துக்குக் கண்ணிவெடி எடுத்தார். அவர் ஏறின வண்டி ஐந்து தடவை வெடித்தது. அம்மா அடுப்படியிலிருந்து, "போன மழைக்கு மூணு தடவைதான வெடிச்சுது" என்பாள். "உனக்கு இன்னா தெரியும்" என்று அப்பா அடுத்த வெடிக்குப் போய்விடுவார்.

அவர் போன பிறகு ஒருநாள் பகத்துக்குக் கிடைத்த விக்டோரியா கிராஸுக்கான (பிரிட்டிஷ் ராணுவத்தின் உச்ச வீர விருது) மூல விருதுக் குறிப்பைத் தேடிப் படித்தேன். 1941 ஜூனில் கெசட்டில் வந்தது. ஒரு பத்திதான். அப்பா ஊதிப் பெரிதாக்கியது வீண் வேலை என்று தோன்றியது. உள்ளது உள்ளபடியே இருந்திருந்தால் கதை இன்னும் பயங்கரமாக இருந்திருக்கும்.

பிரேமிந்திர சிங் பகத், 1918 அக்டோபர் 14-இல் கோரக்பூரில் பிறந்தவர். அவருடைய அப்பாவும் அரசாங்க எஞ்சினியர். டேராடூனில் ராணுவப் பள்ளி, அங்கேயே ராணுவ அகாடமி, 1939-இல் அதிகாரி. அடுத்த ஒன்றரை வருஷத்தில் ஆப்பிரிக்காவில் சூடான் - அபிசீனியா (இன்றைய எத்தியோப்பியா) எல்லை. 1941 ஜனவரி 31 இரவு மெட்டெமா என்ற ஊர் விழுந்தது. பின்வாங்கிய இத்தாலியர்கள் போகிற வழியெல்லாம் கண்ணிவெடி புதைத்துக்கொண்டே போனார்கள். துரத்திப் போகிற படைக்கு முன்னால், திறந்த கூரையுள்ள சின்னச் சங்கிலிச் சக்கர வண்டியில் (பிரென் கேரியர் என்பார்கள்) முதல் ஆளாகப் போக வேண்டியவர் 22 வயது செகண்ட் லெப்டினன்ட் பகத்.

நான்கு நாள். 55 மைல். 15 கண்ணிவெடி வயல்கள். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை வேலை. இரண்டு முறை அவருடைய வண்டி வெடித்தது. கூட இருந்தவர்கள் அடிபட்டார்கள். மூன்றாவது முறை பதுங்கியிருந்தவர்கள் கிட்டத்திலிருந்து சுட்டார்கள். ஒவ்வொரு முறையும் எழுந்து வேலையைத் தொடர்ந்தார். ஒரு காதின் செவிப்பறை கிழிந்துவிட்டது.

இங்கே தூரத்தைக் கொஞ்சம் கண்முன் கொண்டுவர வேண்டும். 55 மைல் என்றால் 88 கிலோமீட்டர். ஊட்டி பஸ் ஸ்டாண்டில் ஏறி, குன்னூர், பர்லியார், மேட்டுப்பாளையம் வழியாகக் கோயம்புத்தூர் போய் இறங்குகிற தூரம் ஏறக்குறைய அதுதான். அந்தப் பாதையில் மண் நிறம் கொஞ்சம் மாறியிருக்கிற இடம், புல் வாடியிருக்கிற இடம், புதுசாகத் தோண்டி மூடின தடம் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து, நிறுத்தி, இறங்கி, கையால் தோண்டி எடுக்க வேண்டும். மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தைச் சத்தம் போட்டுக் காட்டுகிற கருவியெல்லாம் படைகளுக்குப் பரவலாகக் கைக்கு வராத காலம். பின்னால் ஒரு படையே 'எப்போ, எப்போ' என்று நின்றுகொண்டிருக்கிறது.

விருதுக் குறிப்பில் எனக்குப் பிடித்த வரி வெடிகளைப் பற்றியது அல்ல. களைத்து, காது கிழிந்து நின்றவரிடம், நீ போய் ஓய்வெடு, வேறு ஆளை அனுப்புகிறோம் என்கிறார்கள். மறுத்துவிடுகிறார். சொன்ன காரணம்: இந்த வேலையை முடிக்க இப்போது நான்தான் முன்னைவிடத் தகுதியானவன்.

நாட்டுக்காக, கொடிக்காக, ரெஜிமென்ட் மானத்துக்காக என்ற பேச்சே இல்லை. வேலை பழகிவிட்டது, அதனால் நானே செய்கிறேன் என்கிறார். ஒரு மேஸ்திரி சொல்கிற மாதிரியான காரணம். இரண்டாம் உலகப் போரில் விக்டோரியா கிராஸ் பெற்ற முதல் இந்தியர் அவர்தான்.

சின்ன வயதில் ஒருமுறை அப்பாவிடம் இதைக் கேட்டிருக்கிறேன். வலப்பக்கம் நின்றுதான் கேட்டேன். "ரெஸ்ட் குடுத்தா எடுத்துக்க வேண்டியதுதானே, ஏன் வேணாம்னார்?"

அப்பா அடுப்புக் கரியைக் கிளறிக்கொண்டே சொன்னார்: "புது ஆளு வந்தா மொத அரை மணி நேரம் கை நடுங்கும் பாப்பா. அந்த அரை மணி நேரத்துலதான் ஆளு சாவான். அவன் செத்தா அடுத்த புது ஆளு வருவான். அவனுக்கும் அரை மணி நேரம்."

கதையில் இந்த இடத்தை மட்டும் அவர் ஒருபோதும் ஊதிப் பெரிதாக்கவில்லை.

தளபதிகளை நீலகிரிக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஜக்கதளா என்ற படகர் ஊரை ஒட்டி வெள்ளைக்காரன் பாரக்ஸ் கட்டி வெலிங்டன் என்று பெயர் வைத்த நாளிலிருந்து இந்த மலைக்கு ராணுவம் பழக்கம். மலையேறி வருகிற ரோடே ராணுவக்காரன் போட்டது. மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்தால் தெரிகிற லாஸ் அருவிக்கு, அந்த ரோடு வேலையை மேற்பார்த்த லா என்ற அதிகாரியின் பெயர்தான். நாடு பிரிந்தபோது குவெட்டாவில் இருந்த ஸ்டாஃப் காலேஜின் இந்தியப் பங்கு 1947-இல் இங்கே வந்தது. சாம் பகதூர் என்று படை கூப்பிட்ட முன்னாள் தலைமைத் தளபதி சாம் மானெக்‌ஷா ஓய்வுபெற்றதும் குன்னூரிலேயே தங்கி, 2008 ஜூனில் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் கண்ணை மூடி, ஊட்டியில் அடக்கமானவர். பகத் அப்படி நம் ஊர்க்காரர் இல்லை. ஆனால் பாய்ஸ் கம்பெனி டீக்கடையில், பென்ஷன் வாங்கின மறுநாள், வர்க்கியை டீயில் நனைத்துக்கொண்டு பழைய சிப்பாய்கள் பேசுகிற பேச்சில் அவர் பெயர் சாம் பகதூர் பெயருக்குப் பக்கத்திலேயே வரும். வந்தவுடன் சண்டையும் வரும்.

சண்டைக்குக் காரணம் 1974. அதற்கு முன்னால் அவர் வாழ்க்கையில் இரண்டு காகிதங்களைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, 1962 சீனப் போர்த் தோல்வி. எங்கே தவறு நடந்தது என்று விசாரிக்க லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸையும், அப்போது டேராடூன் ராணுவ அகாடமியின் தலைவராக இருந்த பிரிகேடியர் பகத்தையும் நியமித்தார்கள். 1963-இல் அறிக்கை கொடுத்தார்கள். அரசாங்கம் இன்றுவரை அதை அதிகாரபூர்வமாக வெளியிடவில்லை. 2014-இல் ஒரு பகுதி இணையத்தில் கசிந்தது, அவ்வளவுதான். கண்ணிவெடி தேடுகிற ஆளிடம் தோல்வியைத் தேடச் சொன்னால் எப்படித் தேடியிருப்பான் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. சாய்வாகக் குத்தி, அங்குலம் அங்குலமாகத்தான்.

இரண்டாவது, ஒரு கோடு. 1971 போருக்குப் பிறகு காஷ்மீரில் போர்நிறுத்தம் எங்கே நின்றதோ அந்த இடங்களைக் குறிக்க வேண்டியிருந்தது. சிம்லா ஒப்பந்தம் தலைவர்கள் போட்டது. ஆனால் இந்த மேடு யாருக்கு, அந்த ஓடை யாருக்கு என்று வரைபடத்தில் உட்கார்ந்து தீர்த்தவர்கள் இரண்டு லெப்டினன்ட் ஜெனரல்கள்: இந்தியப் பக்கம், புதிதாக அமைந்த வடக்குக் கட்டளையின் தளபதி பகத். பாகிஸ்தான் பக்கம் அப்துல் ஹமீத் கான். 1972 டிசம்பர் 11, சுசேத்கரில் கையெழுத்து. இன்று எல்.ஓ.சி., கட்டுப்பாட்டுக் கோடு என்று தினமும் செய்தியில் கேட்கிறோமே, சுமார் 740 கிலோமீட்டர், அது அந்தக் காகிதம்தான். 1941-இல் மண்ணில் தடம் பார்த்தவர், முப்பது வருஷம் கழித்து அதே வேலையைப் பென்சிலால் செய்தார்.

இனி 1974. மானெக்‌ஷாவுக்குப் பின் 1973 ஜனவரியில் ஜெனரல் பேவூர் தலைமைத் தளபதி. அடுத்தது பகத் என்று படையில் பரவலான பேச்சு. பேவூருக்கு நீட்டிப்புக் கிடைத்தது. அதற்குள் பகத் ஓய்வு வயதை எட்டி வெளியேறிவிட்டார். ஏன் என்று டீக்கடையில் ஆளுக்கொரு காரணம் வைத்திருப்பார்கள். ரொம்ப நேர்மையான ஆள், அதான் என்பார் ஒருவர். ரொம்பச் செல்வாக்கான ஆள், அதான் என்பார் இன்னொருவர். எனக்கு அதில் எந்தக் கட்சியும் இல்லை. ஆனால் அவர் அதற்குப் பின் செய்தது பிடித்திருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து புலம்பாமல், தாமோதர் பள்ளத்தாக்குக் கழகத்தின் தலைவராகப் போனார். நம் குந்தா, பைக்காரா மாதிரி அங்கேயும் அணை, மின்சாரம். மறுபடி எஞ்சினியர் வேலைக்கே. ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 1975 மே 23-இல் இறந்துபோனார். 56 வயது.

சாப்பர் ஒருத்தன் தலைமைத் தளபதி ஆவதெல்லாம் நடக்காத காரியம் என்று அப்பா அடித்துச் சொல்வார். 2022 ஏப்ரலில் ஜெனரல் மனோஜ் பாண்டே ஆனார். எஞ்சினியர் படையிலிருந்து அந்த நாற்காலிக்குப் போன முதல் ஆள். பாம்பே குரூப். அப்பா இருந்திருந்தால் அன்று முழுவதும் "இருந்தாலும்…" என்று சொல்லிக்கொண்டிருந்திருப்பார்.

நம் குரூப்பில் ஆளே இல்லையா என்று கேட்டுவிடக் கூடாது. அதற்குத் தனிக் கதை வைத்திருப்பார். செங்கல்பட்டுச் சீமையில் பிறந்த சுபேதார் சுப்பிரமணியன், 1944, இத்தாலியில் மிக்னானோ. கூட வந்தவன் கால் பட்டு வெடிக்கப்போன கண்ணிவெடி மேல் தானே பாய்ந்து விழுந்து, சுற்றி நின்றவர்களைக் காப்பாற்றிச் செத்தவர். ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். இந்தக் கதையை அப்பா அடுப்படியில் உட்கார்ந்து சொல்லமாட்டார். எழுந்து நின்றுதான் சொல்வார். ரொம்பச் சீக்கிரமும் முடித்துவிடுவார்.

ஷக்கர்கரைப் பற்றி நான் தெரிந்துகொண்டதெல்லாம் படித்துத்தான். அங்கே பாகிஸ்தான் அடுக்கடுக்காகக் கண்ணிவெடி வயல் போட்டிருந்தது. டாங்கி போக வேண்டுமென்றால் முதலில் சாப்பர் போக வேண்டும். மெட்ராஸ் சாப்பர்ஸின் 9 எஞ்சினியர் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி, நாள்கணக்காக நின்று வழி திறந்துகொண்டிருந்தபோது டிசம்பர் 11 அன்று பீரங்கிக் குண்டு விழுந்து இறந்தார். மகாவீர் சக்கரம். ஐந்து நாள் கழித்து பசந்தர் ஆற்றோரம் சண்டை. வழி முழுசாகத் திறக்கும் முன்னமே எதிரி டாங்கிகள் வந்துவிட, பூனா ஹார்ஸ் டாங்கிகள் பாதி சுத்தம் செய்த வயலுக்குள்ளேயே புகுந்து போயின. அந்தப் படையில் இருந்த, பரம்வீர் சக்கரம் பெற்ற 21 வயது அருண் கேத்தர்பாலை எல்லோருக்கும் தெரியும். சுத்தம் செய்த வழியைக் குறிக்க விரித்த வெள்ளை டேப்பின் ஓரத்தில் குப்புறப் படுத்திருந்தவர்களை யாருக்கும் தெரியாது. அவர்களில் யாரோ ஒருவராகத்தான் என் அப்பாவும் இருந்திருக்க வேண்டும்.

காதுக்கு ஊனப் பென்ஷன் கேட்டு எழுதிப்போட்டார். ஓர் அலுவலகத்தில் யாரோ ஒரு கிளார்க் 'இடது' என்பதற்கு 'வலது' என்று தட்டச்சு செய்துவிட்டார். அதைத் திருத்த, வலது காது நன்றாகக் கேட்கிறது என்று சான்றிதழ் வாங்கிவரச் சொன்னார்கள். வாங்கினார். காது நன்றாகக் கேட்கிறதே, பிறகெதற்குப் பென்ஷன் என்று பதில் வந்தது. அப்பா அதைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகமிருக்கிறது. அப்புறம் விட்டுவிட்டார்.

அவர் வேலை செய்து நான் பார்த்தது ஒரே ஒரு முறை. 2009 நவம்பர். நீலகிரிக்காரர்களுக்கு வருஷத்தையும் மாதத்தையும் சொன்னால் போதும். கேத்தி, குன்னூர், அச்சனக்கல் என்று மலை பல இடங்களில் சரிந்து 40 பேருக்கு மேல் போன மழை. எங்கள் வீட்டுப் பின்சரிவும் ராத்திரியில் இறங்கி, தண்ணீர்க் குழாய் முழுசாகச் சேற்றுக்குள் போய்விட்டது. எங்கோ உடைந்து ஒழுகுகிறது, எங்கே என்று தெரியவில்லை. பிளம்பர் பையன் கடப்பாரையை ஓங்கினான்.

"நில்லுப்பா. அத்தக் கீழ வை."

அறுபது வயசு அப்போது. பழைய குடை ஒன்றைப் பிய்த்து நடுக்கம்பியை உருவினார். சேற்றில் சாக்கை விரித்தார். நாங்கள் என்னவென்று கேட்கும் முன்னே குப்புறப் படுத்துவிட்டார். அம்மா "ஐயோ, சளி புடிக்கும்" என்று கத்தினாள், நின்றது இடப்பக்கம்.

கம்பியை நேராகக் குத்தவில்லை. சாய்த்து, கிட்டத்தட்டத் தரையோடு தரையாக, இரண்டு விரலால் பிடித்து, ஊசி நுழைப்பதுபோல. எடுப்பார். இரண்டு அங்குலம் தள்ளி மறுபடி. ஒரு வரிசை முடிந்ததும் முழங்கையை ஊன்றி உடம்பை ஒரு சாண் முன்னால் நகர்த்துவார். அடுத்த வரிசை. அவசரமே இல்லை. பிளம்பர் பையன் பீடி பற்றவைத்து முடித்தும்விட்டான்.

"ஏம்ப்பா சாய்ச்சுக் குத்துறீங்க?" என்று குனிந்து வலது காதில் கேட்டேன்.

"நேரா குத்துனா அதோட தலையில படும். தலையிலதான் உசுரு. சாஞ்சு குத்துனா விலாவுல படும், ஒண்ணும் பண்ணாது." அடுத்த குத்து. "இது கல்லு." அடுத்தது. "இதுவும் கல்லு."

"எப்படித் தெரியுது?"

"கல்லுன்னா கம்பி நறநறன்னும். இரும்புன்னா வழுக்கும். காதுல கேக்காது, விரல்ல கேக்கும்."

முக்கால் மணி நேரத்தில் ஒருமுறை கம்பி வழுக்கியது. அவர் நிறுத்தி, கம்பியை அங்கேயே விட்டுவிட்டு, இரண்டு கையாலும் பக்கவாட்டிலிருந்து மண்ணை வழித்தார். பக்கவாட்டிலிருந்துதான், மேலிருந்து இல்லை. துருப்பிடித்த குழாய் தெரிந்தது. உடைந்த மூட்டுக்கு ஒரு முழம் தள்ளி. "இங்க தோண்டு" என்று எழுந்தவர், கை நடுங்குகிறதா என்று விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டார். அதை நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

குடைக்கம்பியை நான் தூக்கிப் போடவில்லை. டூல் பாக்ஸில் ஸ்பேனர்களோடு கிடக்கிறது. போன மழைக்கு மறுபடி சரிவு இறங்கியது, சின்னச் சரிவுதான். பிளம்பர் இரண்டு நாள் கழித்துத்தான் வருவேன் என்றான். நான் சாக்கை விரித்தேன். என் பெண் படியில் நின்றுகொண்டு போனில் படம் பிடித்தாள், "அம்மா, என்ன பண்ற, யோகாவா?" என்றாள். சாய்த்துக் குத்தினேன். இரண்டு அங்குலம். மறுபடி.

ஏழாவதோ எட்டாவதோ குத்தில் ஏதோ தட்டியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கம்பியை மெல்ல அசைத்தேன்.

நறநறத்தது. கல்.